விண்டோஸ் இல்லாக் கணினியும் காரியாலய வேலையும்



2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11ஐப் பழைய கணினிகள் பல ஏற்கமாட்டா. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதுவகைச் செயலியும் அவற்றில் இல்லை. நன்றாக இயங்கும் பொறியைக் குப்பையில் எறிவதா? லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தை விலையின்றிப் பெற்று இட்டால், அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆயின், காரியாலயத்தில் உடனே எழும் வினா: “அதில் வேர்ட் உண்டா? எக்செல் உண்டா?”

இல்லை என்பதே நேர்விடை. மைக்ரோசொப்ட் தன் ஒபிஸ் தொகுதியை விண்டோசுக்கும் அப்பிளின் மக் கணினிக்கும் ஆக்குகிறது. லினக்சில் நிறுவுவதற்கு ஆக்கித் தரவில்லை. (எக்செல் 1985இல் முதன்முதல் வெளிவந்தது மக் கணினிக்கே; விண்டோசுக்கு 1987இலேதான் வந்தது என்பதைப் பலர் அறியார்.) இணைய உலாவியிற் பாவிக்கும் ஒபிஸ் லினக்சிலும் இயங்கும், ஆனால் இணைய இணைப்பு வேண்டும், வசதிகளும் குறைவு.

ஒன்றுக்கென எழுதிய மென்பொருள் மற்றொன்றில் ஏன் ஓடாது? கோப்பைத் திற, எழுத்தைக் காட்டு, அச்சிடு என ஒவ்வொன்றையும் மென்பொருள் இயங்குதளத்திடமே கேட்டுப் பெறுகிறது. கேட்கும் முறை தளத்துக்குத் தளம் வேறு. ஆகவே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆக்கப்படல் வேண்டும்.

அவ்வாறு ஆக்கப்பட்டதே லிப்ரே ஒபிஸ். இதன் வரலாறு சுவையானது. 1985இல் ஜேர்மனியின் லூனபேர்க் நகரில், மார்க்கோ பேரீஸ் என்னும் பதின்ம வயது மாணவர் தொடங்கிய நிறுவனத்தில் இதன் மூலம் பிறந்தது. 1999இல் சன் நிறுவனம் அதனை வாங்கி, மறு ஆண்டிலே மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. 2010இல் சன் நிறுவனம் ஒராக்கிளின் கைக்கு மாறவே, ஆக்கியோரிற் பலர் பிரிந்து லிப்ரே ஒபிசைத் தொடங்கினர். கடிதம், கணக்கேடு, காட்சித்தாள் மூன்றுக்கும் அதில் இடமுண்டு. லினக்ஸ், விண்டோஸ், மக் மூன்றிலும் அது இயங்கும், விலையும் இல்லை.

எனவே மென்பொருள் கிடைக்கிறது. உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது: முன்னர் எழுதிய பத்திரம் சிதையாமல் திறக்குமா?

லிப்ரே ஒபிசின் சொந்தக் கோப்பு முறை 2006இல் சர்வதேச நியமமாயிற்று. மைக்ரோசொப்டின் முறை 2008இல் ஆயிற்று. ஒன்று மற்றதை வாசிக்கும். ஆனால் அச்சொட்டாக அன்று. கலிப்ரி எழுத்துரு லினக்சில் இராது. அதே அகலமுள்ள கார்லிட்டோவை இட்டால் வரிகள் பெரும்பாலும் நிலைபெறும்; இடாவிடின் வரி நகரும், பக்கம் மாறும். வினாத்தாளில் படம் ஒரு பக்கத்திலும் அதற்குரிய வினா மறுபக்கத்திலும் நின்றால், பரீட்சை மண்டபத்தில் அல்லற்படுவோர் மாணவரே.

தமிழுக்கு இன்னுமொரு தொல்லை. நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. தமிழ் உருவம் மேலே போர்த்த போர்வை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், அது எத்தளமாயினும், ஆங்கிலக் குழப்பமே தோன்றும். பாமினியை லினக்சிலும் நிறுவலாம். ஆயினும் பழைய பத்திரங்களை யுனிகோட்டுக்கு மாற்றிவைத்தலே மேல்.

ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, 2017இல் விண்டோசுக்கே திரும்ப முடிவுசெய்தது. அந்நாட்டின் சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை மாற்றும் முடிவை எடுத்தபோது, லிப்ரே ஒபிசை முதலிலும் லினக்சைப் பின்னரும் கொணர்வதெனத் திட்டமிட்டது. அவ்வொழுங்கு நமக்கும் ஏற்றது.

விண்டோசை அகற்றுமுன் அதே கணினியில் லிப்ரே ஒபிசை நிறுவுங்கள். புள்ளி அட்டவணை, சம்பளப் பட்டியல், தலைப்பிட்ட கடிதம், வினாத்தாள் ஆகியவற்றை அதில் திறந்து அச்சிட்டுப் பழைய பிரதியுடன் ஒப்பிடுங்கள். மக்ரோ என்னும் தன்னியக்கக் கட்டளைகள் நிறைந்த எக்செல் ஏடு மட்டும் அடம்பிடித்தால், அதற்கெனப் பழைய விண்டோஸ் கணினி ஒன்றை ஒதுக்கலாம். அதனை இணையத்துடன் இணைக்க வேண்டா.