இரண்டு எஞ்சின் போதுமா?

சிங்கப்பூரில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறங்குவது என்று ஒரு விமானப் பயணம் இருக்கிறது. தூரம் 15,000 கிலோமீட்டருக்கும் அதிகம். 18 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருக்க வேண்டும். விடுமுறைக்குக் கிளம்பிய நண்பர் கூட்டத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர் இறக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, பக்கத்துக்கு ஒரு எஞ்சின்தானா?” என்று கேட்டால் மற்றவர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டியதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே சந்தேகத்தில்தான் இருந்தார்கள். ‘போதாது’ என்றே விதியும் எழுதி வைத்திருந்தார்கள். 2004-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் வட்டாரத்துக்கு இந்த நேரடிச் சேவையைத் தொடங்கியபோது பறந்த ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு நான்கு எஞ்சின். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் சேவை நின்றது. 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது வந்த ஏ350-900 யூஎல்ஆர் விமானத்துக்கு இரண்டே எஞ்சின். எண்ணிக்கை பாதியானதால் பாதுகாப்பும் பாதியாகிவிட்டதா? ஆகவில்லை. எஞ்சின் முன்னைவிட நம்பகமாகிவிட்டது என்பது அதற்குப் பாதிக் காரணம்தான். ஓர் எஞ்சினுக்கு வரும் கேடு மற்றதைத் தொற்றாமல் பிரித்து வைக்கக் கற்றுக்கொண்டது மறுபாதி. என் பார்வையில் இந்த மறுபாதிதான் முக்கியமானது.

1953-ல் வந்த அமெரிக்க விதி இது: இரண்டு அல்லது மூன்று எஞ்சின் விமானம் தன் வழியில் எந்த இடத்தில் இருந்தாலும், ஓர் எஞ்சின் நின்றுபோன நிலையில் 60 நிமிடத்துக்குள் சென்று இறங்க ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும். அது பிஸ்டன் எஞ்சின்களின் காலம். மேலும் கீழும் இடித்துக்கொண்டே இருக்கும் பிஸ்டன்கள், வால்வுகள், தீப்பொறிக் கட்டைகள் என்று பழுதாவதற்கென்றே ஆயிரம் பாகங்கள். பாதி வழியில் எஞ்சினை அணைப்பது அன்றைய விமானிகளுக்குப் புதிதல்ல. ஜெட் எஞ்சினில் இந்த இடிப்பு கிடையாது. பிரதான பாகங்கள் எல்லாம் சீராகச் சுழல்பவை. ஆனாலும் விதி அப்படியே நீடித்தது. மூன்று எஞ்சின் விமானங்களுக்கு 1964-ல் விலக்கு கிடைத்தது. 727, டிசி-10, எல்-1011 போன்ற மூன்று எஞ்சின் விமானங்கள் பிறந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். இரட்டை எஞ்சினுக்கு 1985-ல்தான் வழி திறந்தது. போயிங் 767 அமெரிக்காவின் சிறப்பு அனுமதியோடு அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், 120 நிமிட எல்லை அனுமதிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். 1988-ல் அது 180 நிமிடமானது. ஏ350-க்கு 2014-ல் கிடைத்த அனுமதி 370 நிமிடம். அதாவது, ஒற்றை எஞ்சினோடு ஆறு மணி நேரத்துக்கும் அதிகமாகப் பறக்க நேரக்கூடிய தொலைவு வரை போகலாம். இந்த அனுமதி முறைக்கு ஈடாப்ஸ் என்று பெயர். எஞ்சின் சுழலாவிட்டால் பயணி நீந்த வேண்டியதுதான் என்று விமானிகள் அந்த ஆங்கிலச் சுருக்கத்துக்கு ஒரு கேலி விளக்கமும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பெரிய எஞ்சின் ஏன் நான்கு சிறிய எஞ்சினைவிடச் சிக்கனம்? ஜெட் எஞ்சினின் முன்னால் தெரியும் விசிறிதான் இன்று வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. அது இழுக்கும் காற்றில் சிறு பகுதி மட்டுமே உள்ளே போய் எரிபொருளோடு எரிகிறது. மீதி, எரியும் பகுதியைச் சுற்றிக்கொண்டு பின்னால் தள்ளப்படுகிறது. கொஞ்சம் காற்றை வெகுவேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மிதமான வேகத்தில் தள்ளினால் அதே உந்துவிசைக்குக் குறைந்த எரிபொருள் போதும். ஏ340-500-இன் எஞ்சின் விசிறி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விட்டம் கொண்டது. ஏ350-இன் விசிறி 3 மீட்டர். உள்ளே எரிவதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேலான காற்று இதில் வெளிப்புறமாகவே கடந்துபோகிறது. பழைய விமானம் 2 லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் தொட்டிகளோடு பறந்த வழித்தடத்தை, புதியது 1,65,000 லிட்டர் கொள்ளும் தொட்டிகளோடு முடித்துவிடுகிறது. இறக்கை வடிவமும் எடை குறைந்த கார்பன் இழை உடலும் இந்தச் சிக்கனத்தில் பங்குள்ளவை. எல்லாப் புகழையும் எஞ்சினுக்கே கொடுத்துவிட முடியாது.

இனி முதல் ஆட்சேபத்துக்கு வருவோம். நான்கு இருந்தால் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சுமே? உண்மைதான். ஆனால் நான்கு இருந்தால் ஒன்று போவதற்கான வாய்ப்பும் இரட்டிப்பு. 180 நிமிடத்துக்கு மேற்பட்ட அனுமதி வேண்டுமென்றால், பறக்கும்போது எஞ்சின் நின்றுபோவது சராசரியாக 1,00,000 மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற அளவைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில், 18 மணி நேரப் பயணத்தில் இரண்டில் ஏதோ ஒன்று நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2,800 பயணங்களுக்கு ஒன்று. அப்படி நின்றபின், 5 மணி நேரம் பறந்து கரை சேர்வதற்குள் மற்றதும் தற்செயலாக நிற்க வேண்டுமானால் அதற்கான வாய்ப்பு 20,000-இல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் சுமார் ஐந்தரைக் கோடிப் பயணங்களுக்கு ஒரு முறை வருகிறது. நாள்தோறும் ஒரு விமானம் கிளம்பினால் ஒன்றரை லட்சம் ஆண்டுகள். இன்னொன்றும் உண்டு: ஓடுபாதையில் வேகமெடுத்து, இனி நிறுத்த முடியாது என்ற கட்டத்தில் ஓர் எஞ்சின் நின்றாலும் மிஞ்சியதை வைத்து மேலெழ முடிய வேண்டும் என்பது எல்லாப் பெரிய பயணிகள் விமானங்களுக்கும் பொது விதி. நான்கு எஞ்சின் விமானம் இழப்பது கால் பங்கு வலு. இரட்டை எஞ்சின் விமானம் இழப்பது பாதி. ஆகவே, அதன் ஒவ்வோர் எஞ்சினும் முழுச் சுமையோடு விமானத்தைத் தனியாகத் தூக்கும் வலுவோடுதான் கட்டப்படுகிறது. நடுவானில் ஒன்று நின்றால் விமானம் அதே உயரத்தில் தங்காது என்பது மெய். ஆயினும் கீழே ஓர் உயரத்துக்கு இறங்கி அங்கே நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும். 2003-ல் ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற ஒரு போயிங் 777, பசிபிக் நடுவே ஓர் எஞ்சினை இழந்து, மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக மற்றதை நம்பிப் பறந்து ஹவாயில் பத்திரமாக இறங்கியது.

கூர்மையான வாசகர் இந்தப் பெருக்கலிலேயே கை வைப்பார். தற்செயலாக என்ற சொல் அல்லவா அந்தக் கணக்கைத் தாங்குகிறது? இரண்டும் ஒரே காரணத்தால் நின்றால் பெருக்குவதற்கே இடமில்லை. ஒரே கயிற்றில் இரண்டு வாளியைக் கட்டி இறக்கினால், கயிறு அறும்போது இரண்டுமே கிணற்றுக்குள்தான். இந்த ஆட்சேபம் முழுக்கச் சரி. ஆனால் அது நான்கு எஞ்சினுக்கு ஆதரவாகவும் பேசவில்லை. 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சினும் நின்றன. சாம்பலைவிட்டு வெளியே வந்தபின் மீண்டும் இயக்கி ஜகார்த்தாவில் இறங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் நகருக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் எல்-1011 இன்னும் நல்ல பாடம். பராமரிப்பின்போது மூன்று எஞ்சினிலும் ஒரே பாகத்தைக் கழற்றி மாட்டியவர்கள், மூன்றிலுமே ரப்பர் வளையத்தைப் போடாமல் விட்டார்கள். மூன்றிலும் எண்ணெய் ஒழுகியது. முதலில் ஒன்றை அணைத்தார்கள். பிறகு மற்ற இரண்டும் நின்றன. கடைசியில் முதலில் அணைத்ததையே திரும்ப இயக்கி மயாமிக்குத் திரும்பினார்கள். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்ஸாட்டின் ஏ330-க்கு நேர்ந்ததும் இதன் உறவுதான். ஓர் எஞ்சினில் பொருந்தாத குழாயைப் பொருத்தியதால் எரிபொருள் கசிந்தது. இருபுறத்து அளவையும் சமன்செய்ய நினைத்து விமானிகள் இணைப்பு வால்வைத் திறந்ததும், நல்ல பக்கத்து எரிபொருளும் கசிவில் போயிற்று. இரண்டு எஞ்சினும் நின்ற விமானத்தை 306 பேரோடு 19 நிமிடம் மிதக்கவிட்டு அசோர்ஸ் தீவுகளில் இறக்கினார்கள். மூன்று சம்பவங்களிலும் யாரும் இறக்கவில்லை. மூன்றிலும் எஞ்சின்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு எஞ்சினுக்கு வெளியேதான் இருந்தது.

ஈடாப்ஸ் விதிகள் தேடித் தேடி வெட்டுவது இந்தக் கயிறுகளைத்தான். இரண்டு எஞ்சினிலும் ஒரே வகை வேலையை ஒரே தடவையில் ஒரே ஆள் செய்வதைத் தவிர்க்க வேண்டும்; தவிர்க்க முடியாதபோது வேறோர் ஆளைக்கொண்டு செய்ய வேண்டும், அல்லது தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வோர் எஞ்சினும் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதைப் பயணந்தோறும் கவனித்துவர வேண்டும். சரக்கறையில் தீப்பிடித்தால் அதை அடக்கிவைக்கும் வாயு, மிக நீண்ட மாற்றுப் பயண நேரத்துக்கும் அதற்கு மேல் 15 நிமிடத்துக்கும் வர வேண்டும். எஞ்சின் நின்று, கேபினில் காற்றழுத்தமும் போய், எரிபொருளை அள்ளிக் குடிக்கும் 10,000 அடி உயரத்துக்கு இறங்க நேர்ந்தாலும் கரை சேரும் அளவுக்கு எரிபொருள் இருந்தாக வேண்டும். வழியில் நம்பியிருக்கும் மாற்று நிலையங்களில் வானிலை இடம் கொடுக்குமா என்பதையும் கிளம்புமுன்பே பார்க்க வேண்டும். நான்கு எஞ்சின் விமானங்களிடம் நெடுங்காலம் யாரும் இவ்வளவு கேட்கவில்லை.

விமான நிறுவனங்கள் காசு மிச்சம் பிடிக்கத்தானே இதையெல்லாம் கேட்டு வாங்கின என்பது அடுத்த ஆட்சேபம். ஆம், காசுக்காகத்தான், மறைக்க எதுவுமில்லை. ஆனால் அந்த ஆசைக்கு விலையாக அவர்களிடமிருந்து பெறப்பட்டது மேலே சொன்ன கட்டுப்பாடு. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். 2018-ல் போயிங் 787-க்கான ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 1000 எஞ்சின்களில் ஒரு வகைக்கு அமுக்கித் தகடுகளில் சிக்கல் தெரிந்தது. ஓர் எஞ்சின் நின்று மற்றது நெடுநேரம் அதிக வலுவில் ஓடினால், அந்தத் தகடுகள் அதிர்ந்து விரிசல் விடக்கூடும். ஒன்றின் சாவு மற்றதைச் சாகடிக்கும் நிலை. அதிகாரிகள் அவற்றின் எல்லையை 330 நிமிடத்திலிருந்து 140 நிமிடமாக வெட்டினார்கள். ஆனாலும் இந்த முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதே 787 நெடுந்தூர அனுமதியோடு சேவைக்கு வந்தபின், 2013 ஜனவரியில் லித்தியம் பேட்டரிக் கோளாறால் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டது. எஞ்சினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பேட்டரி தப்பியது.

அப்படியானால் ஓர் எஞ்சினே போதாதா என்று விளையாட்டாகக் கேட்பவரும் உண்டு. மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒற்றை எஞ்சினில் பெருக்குவதற்கு இன்னொரு எண் இல்லை. 18 மணி நேரப் பயணத்தில் அது நின்றுபோகும் வாய்ப்பு ஏறத்தாழ 5,500 பயணங்களுக்கு ஒன்று. கடலுக்கு மேல் அதை எவரும் ஏற்கமாட்டார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பிரம்மாண்டம். இரண்டுக்கும் நான்குக்கும் இடையே பயணிக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அவ்வளவு சொற்பம். நெடுந்தூரத்துக்கு நான்கு எஞ்சின் என்று விமானத்தின் மேலேயே எழுதி விளம்பரம் செய்த வர்ஜின் அட்லாண்டிக்கும் பிறகு இரட்டை எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஏ340 தயாரிப்பு 2011-ல் முடிந்தது. கடைசி ஏ380 2021 டிசம்பரிலும் கடைசி 747 2023 ஜனவரியிலும் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தன. போயிங், ஏர்பஸ் இரண்டுமே இப்போது நான்கு எஞ்சின் பயணிகள் விமானம் எதையும் தயாரிப்பதில்லை.