அயலார் ஊதிய குழல்

சென்ற வைகாசியில் அண்டை வீட்டுக் கன்னட நண்பர் இல்லத்தில் திருமணம். வாசலில் நாகசுரம் முழங்கியது. "இது நம் ஊர் நாகசுரம் அல்லவா, அப்பா!" என்றான் என் மகன். "இல்லை, எங்கள் ஓலக!" என்றாள் நண்பரின் சிறு பெண். குழந்தைகளின் வழக்கைக் கேட்டு நகைத்தோம். எனினும் எனக்கு நீலமலை நினைவுக்கு வந்தது.

புகைவண்டிப் பணியாளன் ஆகையால், விடுப்புக் கிடைக்கும்போது மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறி உதகை செல்வது என் வழக்கம். 1908-ல் அப்பாதை உதகையை எட்டுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, அம்மலையில் பல குடியினர் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்தனர். தோடர் எருமை மேய்த்தனர். படகர் நிலம் உழுதனர். கோத்தர் இரும்படித்தனர், மட்கலம் வனைந்தனர், இசையும் வழங்கினர். கோத்தகிரி என்ற பெயரே அவர்களை நினைவூட்டுவது.

கோத்தரின் முதன்மைக் கருவி 'கொள்'. நாகசுரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல் அது. அதில் எழும் மெட்டுக்கும் 'கொள்' என்றே பெயர். உடன் பறைகளும் வளைந்த பித்தளைக் கொம்பும் ஒலிக்கும். தெய்வத்திற்கு ஒரு வகை மெட்டு, ஆடலுக்கு ஒரு வகை, இறந்தோர்க்கு ஒரு வகை. தோடர், படகர் இல்லத்துச் சாச் சடங்குகளிலும் கோத்தர் இசையே முழங்கியது. படகர் தானியமும் தோடர் நெய்யும் கைம்மாறாக அளித்தனர்.

அன்பர்களே, ஒன்றைக் கருதுங்கள். படகர் மைசூர்ச் சீமையிலிருந்து மலையேறியவர்கள் என்பது வழக்கு. அவர்தம் மொழியும் கன்னடத்திற்கு நெருங்கியது. நம்மைப் போன்றே பெயர்ந்து வந்த குடியினர், தம் முதியோரை அயலார் குழலோசையுடன் வழியனுப்பினர்!

அவ்வுறவு நிலைக்கவில்லை. 1930-களில் படகருள் ஒரு சாரார், முன்னேறிய தமக்குக் கோத்தர் இசை தகாது என்றனர். கோத்தர் இளைஞரோ, தாழ்ந்தோராய் நின்று ஊதுவதை இழிவெனக் கருதினர். அவர்கள் சினம் நியாயமானதே. நெய்யும் தானியமும் கொடுத்தோர் நிகரான மதிப்பைக் கொடுக்கவில்லை. காலப்போக்கில் அந்தப் பழைய முறை பெரும்பாலும் மறைந்தது.

ஆனால் இசை மாளவில்லை. கோத்தர் தம் கோயில் விழாக்களில் இன்றும் கொள் ஊதுகின்றனர், ஆடுகின்றனர். ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 2005-ல் அவ்விசை குறித்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார்.

பெங்களூரில் வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. அயலார் கலையை அனுபவிப்பது எளிது. கலைஞரைச் சமமாக அமர்த்துவதே அரிது. அன்று மணவீட்டில் நாகசுரக்காரர் பந்திக்கு வெளியே காத்து நின்றார். நண்பரும் நானும் அவரை அழைத்து எங்களிடையே அமர்த்தி உண்டோம். குழல் நமதா, அவர்களதா என்ற வழக்கு அதன்பின் எழவேயில்லை.