எத்தனை என்று முன்பே தெரியாத வேலை

ஒரு பிடி வயல் மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளின் டிஎன்ஏ முழுவதையும் ஒன்றாகப் படித்தால் கிடைப்பது கோடிக்கணக்கான துண்டுகள். எது எந்த பாக்டீரியாவினுடையது என்று எதிலும் எழுதியிருக்காது. கணினி அவற்றை ஒட்டி நீளமாக்கி, ஒரே உயிரியைச் சேர்ந்தவையாகத் தோன்றுவதைத் தனித்தனிக் குவியலாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் தனிச் சோதனை: மரபணுத்தொகுதி முழுமையாக இருக்கிறதா, வேற்று உயிரியின் துண்டு கலந்திருக்கிறதா? ஆனால் குவியல் 12 வருமா, 200 வருமா? பிரித்து முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இத்தகைய வேலைகளை வரிசையாகக் கோத்து ஓட்டும் மென்பொருள்களுக்கு இங்கேதான் சிக்கல். அவற்றின் மூதாதை, 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்'. அது கடைசியிலிருந்து யோசிக்கும்: இறுதிக் கோப்புக்கு எவை தேவை, அவற்றுக்கு எவை தேவை என்று பின்னோக்கிப் போகும். ஜெர்மனியின் யோஹன்னஸ் கோஸ்டரும் ஸ்வென் ராஹ்மானும் 2012-இல் ஆய்விதழில் அறிமுகப்படுத்திய 'ஸ்நேக்மேக்' மென்பொருளும் அதே வழிதான். கோப்பின் பெயர் தெரிந்தால்தான் திட்டம் போட முடியும். ஒவ்வொரு குவியலும் ஒரு கோப்பு; இன்னும் பிறக்காத கோப்புக்குப் பெயர் ஏது?

பின்னாளில் ஸ்நேக்மேக்கில் வந்த 'செக்பாயின்ட்' இதை அவிழ்த்த விதம் அபாரமானது. பிரிக்கும் படியை செக்பாயின்ட் என்று குறித்துவிட்டு, விளைவாக ஒரு கோப்புறையை மட்டும் சொன்னால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த படி கேட்கும். பிரிப்பு முடிந்திராவிட்டால், நிரலுக்குள் ஒரு பிழை எழும். அதைக் கண்டு ஸ்நேக்மேக் நின்றுவிடுவதில்லை. இந்தக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்து, மற்ற வேலைகளைத் தொடர்கிறது. பிரித்து முடிந்ததும் திட்டத்தையே மறுபடி வரைகிறது. கோப்புறையில் 37 குவியல் இருந்தால், ஒரே ஒருமுறை எழுதிய சோதனை விதியிலிருந்து 37 வேலைகள் முளைக்கின்றன. கணினியில் இடமிருந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும்! தனக்குத் தெரியாத இடத்தைத் திட்டத்திலேயே குறித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் இது.

பார்சிலோனாவில் உருவான, இதே வகை மென்பொருளான 'நெக்ஸ்ட்ஃப்ளோ' பின்னோக்கி யோசிப்பதே இல்லை. கோப்பு வர வர அடுத்த படிக்கு அனுப்பிவிடும்.

எந்தக் கருவியானாலும் ஆய்வாளர்கள் ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: முதல் ஓட்டத்தில் வந்த 37-ஐ நிரலில் கையால் எழுதிவைக்காதீர்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் வளர்க்கப்படாதவை. அடுத்த மாதிரியில் வரும் 38-ஆவது குவியல் அப்படி ஒன்றாக இருந்தால், அதை யாரும் பார்க்காமலே போய்விடும்.