வீட்டு விலையைக் குறைக்கும் கூரை!

வீடு வாங்க வருகிறவர் வாசலைப் பார்ப்பார். கிணற்றை எட்டிப் பார்ப்பார். பிறகு கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்ப்பார். விலை அங்கேதான் இறங்கும்!

சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் "மெட்ராஸ் டெரஸ்" வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூரையில் சிமெண்டு கிடையாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

ஒழுகினால் என்ன செய்வது?

பலர் மொட்டை மாடியில் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் ஒழுகாது. வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் வினை உள்ளே வளருகிறது!

சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அவ்வளவு விடாது. வெயிலில் சிமெண்டு வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. கட்டையின் முனை சுவருக்குள் இருக்கிறதல்லவா? அங்கே ஈரம் சேர்ந்து, முனை உளுத்துப் போகிறது. வெளியே தெரியாது. பாரமும் கூடுகிறது. 100 சதுர அடிக்கு ஓர் அங்குலம் சிமெண்டுக் கலவை பூசினால் ஏறக்குறைய அரை டன்!

உளி சொல்லும் உண்மை

கெட்டிக்காரர் தச்சரோடு வருவார். தச்சர் கட்டையை உளியால் குத்திப் பார்ப்பார். மாவில் இறங்குவது போல உளி இறங்கினால் தரகர் முகம் வாடிவிடும். கட்டை மாற்றும் செலவு, தளம் பிரிக்கும் செலவு எல்லாம் விலையில் கழிந்துவிடும். ஒரு குறையை மறைத்தது தெரிந்தால், நல்ல சுவரையும் அவர் சந்தேகமாகவே பார்ப்பார்.

வெள்ளையடித்து மறைத்து விற்றால்? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்கிறது சட்டம்.

சரியான மராமத்து என்றால் தளத்தைப் பிரித்து, கெட்ட கட்டையை மாற்றி, மறுபடி சுண்ணாம்புத் தளமே போடவேண்டும். செலவு அதிகம். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வருகிறவர் மனைக்குத்தான் விலை தருவார். தேக்குக் கட்டையைப் பழைய மரக்கடைக்கு அனுப்பிவிடுவார். அவருக்காகக் கூரையில் பணத்தைக் கொட்டுவது வீண்.

குடியிருக்க வருகிறவருக்கு விற்க நினைப்பவர், தளம் பிரித்திருக்கும்போதே கட்டைகளைப் படம் பிடித்துக்கொள்வது நல்லது. மரக்கடை ரசீதையும் படங்களையும் மூலப் பத்திரத்தோடு வைத்திருந்தால், வந்தவர் அண்ணாந்து பார்க்கும்போது எடுத்துக் காட்டலாம்.