வாயிற் கதவும் கொள்முதல் நெறியும்

வீட்டுவசதித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் நிலம், சிமெண்டு, எஃகு ஆகியவை முதலிடம் பெறுகின்றன. வாயிற் கதவு அரிதாகவே பேசப்படுகிறது. மொத்தச் செலவில் அதன் பங்கு சிறிது என்பதே காரணம். ஆயினும், குடிசையிலிருந்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பம் முதலில் கைவைப்பது அக்கதவின் மீதுதான். முதல் மழைக்காலத்திலேயே அது உப்பி, நிலையில் இறுகிக் கொண்டால், புதிய வீட்டின் மீதுள்ள நம்பிக்கையே தளர்ந்துவிடுகிறது.

பாண்டுப்பின் நிலை

மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ரயில் பாதைக்கு மேற்கே குன்றுச் சரிவுகளில் நெருக்கமான குடிசைப் பகுதிகள். கிழக்கே உப்பளங்களும் தானே கழிமுகமும். லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டியிருந்த தொழிற்சாலை நிலங்கள் பல இன்று குடியிருப்புகளாக மாறியுள்ளன. மும்பைப் புறநகரில் சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. திறந்த நடைவழியை நோக்கியுள்ள கதவு சாரலையும், அது ஓய்ந்தபின் வெயிலையும் மாறி மாறித் தாங்க வேண்டியுள்ளது.

மகாராஷ்டிரத்தில் குடிசைச் சீரமைப்பு ஆணையம் 1995-ல் அமைக்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ்த் தகுதியுள்ள குடும்பங்களுக்கு வீடு விலையின்றி வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் 225 சதுர அடியாக இருந்த வீட்டின் பரப்பு, பின்னர் 269 ஆகவும், அதன்பின் 300 சதுர அடியாகவும் உயர்ந்தது. கட்டுநர் தம் செலவைச் சந்தையில் விற்கும் வீடுகளிலிருந்து ஈடுசெய்து கொள்கிறார். எனவே, கதவை வாங்குபவர் ஒருவர். அதை நெடுங்காலம் பயன்படுத்திப் பழுது பார்ப்பவர் வேறொருவர். இந்தப் பிளவே சிக்கலின் வேராகும்.

விலையும் செலவும்

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். 3,000 ரூபாய்க் கதவு 5 ஆண்டுகளும், 5,000 ரூபாய்க் கதவு 15 ஆண்டுகளும் உழைப்பதாக வைத்துக்கொண்டால், 200 வீடுகளுக்கு முதல் வகையை வாங்குவோர் உடனடியாக 4 லட்சம் ரூபாய் மிச்சப்படுத்துவர். ஆனால் 15 ஆண்டுகளில் அக்கதவை மும்முறை வாங்க வேண்டியிருப்பதால், செலவு 18 லட்சமாகிறது. இரண்டாம் வகைக்கு ஆவது 10 லட்சமே. ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கழித்துக் கணக்கிட்டாலும், முதல் வகையின் இன்றைய மதிப்பு வீடொன்றுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய் ஆகிறது. மிச்சம் கட்டுநருக்கு, கூடுதல் செலவோ குடியிருப்போருக்கு.

எத்தகைய கதவு?

முன்னாளில் தேக்குச் சட்டக் கதவே வழக்கமாக இருந்தது. மரம் அரிதாகவே, மாற்றுப் பொருள்கள் இடம் பிடித்தன. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதை 1993-ல் நிறுத்தியது. இத்தடை 2020-ல் நீக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வாங்கப்படுவது ஒட்டுப்பலகையாலான சமதளக் கதவு, அதாவது பிளஷ் கதவு. அரியானாவின் யமுனாநகரும் கேரளத்தின் பெரும்பாவூரும் ஒட்டுப்பலகைத் தொழிலின் முக்கிய மையங்களாகும்.

கண்ணுக்கு எல்லாப் பிளஷ் கதவுகளும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு உள்ளேயிருக்கும் பசையில் உள்ளது. யூரியா பார்மால்டிஹைடு பசை தொடர்ந்த ஈரத்தைத் தாங்காது. பீனால் பார்மால்டிஹைடு பசை தாங்கும். திண்ம உட்பகுதி கொண்ட கதவுகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2202; கதவுகளைச் சோதிக்கும் முறைகளை ஐ.எஸ். 4020 கூறுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் 'நல்ல தரமான கதவு' என்று எழுதுவதால் பயனில்லை. தரநிர்ணய எண், கதவின் கனம், பசையின் வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டால்தான் போட்டி ஒரே பொருளின் மீது நடைபெறும்.

எஃகுத் தகட்டு நிலை உப்பாது. ஆயினும் கழிமுகக் காற்றில் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுடன் அதை வாங்குவதும், உள்வெளியைக் கான்கிரீட்டால் நிரப்புவதும் இன்றியமையாதவை. மாடிப்படி வாயிலுக்குரிய தீத்தடுப்புக் கதவு வேறு வகையைச் சேர்ந்தது. சோதனைச் சான்று இன்றி அதை ஏற்கலாகாது.

ஏற்பும் பொருத்துதலும்

நல்ல கதவும் தவறாகப் பொருத்தப்பட்டால் கெடும். கட்டுமான இடத்தில் அளவுக்குப் பொருந்தாத கதவின் அடிப்பகுதியை இழைத்து, வெட்டிய விளிம்புக்கு வண்ணம் பூசாமலே விடுவது பரவலான பழக்கம். தரையைக் கழுவும் நீர் அவ்விளிம்பின் வழியே ஏறுகிறது. நிலைகளைப் பொருத்தி அளந்தபின் கதவுகளுக்கு ஆணை தருவதும், ஆறு முகங்களுக்கும் பூச்சு இடுவதும் இதற்குப் பரிகாரமாகும். வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கதவுகளை எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். குறை நீக்கும் பொறுப்புக் காலம் குறைந்தது ஒரு முழு மழைக்காலத்தையேனும் உள்ளடக்க வேண்டும். பிடித்தம் செய்த தொகையை அதன் பின்னரே விடுவிப்பது நல்லது.

இந்நெறிகள் சிறு பட்டறைகளை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் எழலாம். மத்திய அரசின் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெறப்பட வேண்டும் என்பது கொள்கை. இத்தகைய நிறுவனங்களுக்குத் தேவை தரத்தில் சலுகை அன்று; தெளிவான வரையறை, சோதனை வசதி, காலந்தாழ்த்தாத பணப்பட்டுவாடா ஆகியவையே. அருகருகே உள்ள திட்டங்கள் கதவின் அளவுகளை ஒன்றாக்கிக் கூட்டாக ஆணை தந்தால், சோதனைச் செலவும் பங்கிடப்படும்.

குடிபுகுவோரின் பிரதிநிதி ஒருவர் மாதிரிக் கதவைப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் முறையும் இதனுடன் சேர வேண்டும். கதவின் பின்னே வாழப்போகிறவர் அதன் தேர்விலும் பங்கு பெறும்போதுதான், வாங்குபவரின் கணக்கும் வாழ்பவரின் கணக்கும் ஒன்றாகும்.