மார்க்கோ போலோ: திரையில் சீனா, நூலில் காயல்

1982ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியும், அதே ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் ராய் தொலைக்காட்சியும் ஒளிபரப்பிய ‘மார்க்கோ போலோ’, வெனிஸ் பயணி மார்க்கோவின் பயணக் கதையைச் சொன்ன குறுந்தொடர்களில் இன்றும் பெயர் சொல்லப்படும் ஒன்று. அமெரிக்காவில் நான்கு இரவுகளில் முடிந்த தொடர், இத்தாலியில் எட்டுப் பகுதிகளாக வந்தது. இயக்கியவர் ஜூலியானோ மொன்தால்தோ. தயாரிப்பாளர் வின்சென்சோ லபெல்லா, அதற்கு முன் ‘நாசரேத்தின் இயேசு’ தொடரைத் தயாரித்தவர். இசை என்னியோ மோரிகோனே. அந்த ஆண்டின் சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருது இதற்கே கிடைத்தது.

தொடருக்கு இவ்வளவு பெயர் கிடைத்ததற்குக் கதையைவிடப் படப்பிடிப்பு நடந்த இடம்தான் முதல் காரணம். 1949க்குப் பிறகு சீனா வெளிநாட்டுக் கேமராக்களுக்கு ஏறத்தாழ மூடியே கிடந்தது. மாவோ இறந்து நாடு மெல்லக் கதவு திறந்த நேரத்தில் இத்தாலியர்கள் பேசி அனுமதி வாங்கினார்கள். பீஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரத்துக்குள் ஒரு பெரிய மேலைநாட்டுத் தயாரிப்பு நுழைந்தது அப்போதுதான். பெர்தொலூச்சி ‘கடைசிப் பேரரசர்’ எடுக்க அங்கே போனது சில ஆண்டுகள் கழித்து. ஆனால் அந்த அரண்மனை 15ஆம் நூற்றாண்டில் மிங் அரசர்கள் கட்டியது, மார்க்கோ சந்தித்த மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்தில் அது இல்லை. பார்வையாளர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. செட் போட்டு எடுத்த சீனாவையே பார்த்துப் பழகிய கண்களுக்கு உண்மையான செங்கல்லும் புல்வெளியும் போதுமானதாக இருந்தன.

மார்க்கோவாக நடித்தவர் கென் மார்ஷல் என்ற இளைஞர். அவரைச் சுற்றிப் பெரிய பெயர்கள்: தந்தை நிக்கோலோவாக டென்ஹோம் எலியட், தாயாக ஆன் பான்கிராஃப்ட், வெனிஸ் தலைவராக ஜான் கில்குட், போப்பாகும் தெயோபால்தோ விஸ்கோன்தியாக பர்ட் லங்காஸ்டர். ‘ஸ்டார் டிரெக்’ ஸ்பாக்காக உலகம் அறிந்த லெனர்ட் நிமோய், குப்ளாயின் நிதி அமைச்சர் அகமதுவாக வருகிறார்.

இத்தனை பேரையும் மிஞ்சி மனத்தில் நிற்பவர் குப்ளாய் கானாக நடித்த யிங் ருவோசெங். பீஜிங் மக்கள் கலை நாடக அரங்கின் நடிகர், ஆங்கிலத்தில் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தவர். தொடர் வெளியான மறு ஆண்டு, ஆர்தர் மில்லர் பீஜிங்கில் இயக்கிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ நாடகத்தைத் தாமே சீனத்தில் மொழிபெயர்த்து, அதில் நாயகனாகவும் நடித்தார். பின்னர் சீனாவின் பண்பாட்டுத் துறைத் துணை அமைச்சராகவும் ஆனார். கொடுங்கோலனாக மட்டுமே காட்டப்பட்டு வந்த மங்கோலியப் பேரரசரை, மூட்டுவலியோடு உட்கார்ந்து வெளியூர்ப் பையனிடம் உலகச் செய்தி கேட்கும் முதியவராக அவர் மாற்றிக்காட்டினார்.

கதை ஜெனோவா சிறையில் விரிகிறது. வெனிசுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த போரில் சிறைப்பட்ட மார்க்கோ, உடன் சிறையிருந்த பைசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் தன் பயணத்தைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதுகிறார். வரலாற்றிலும் 1298இல் நடந்தது இதுதான். 1271இல், பதினேழு வயதில், தந்தையோடும் சித்தப்பா மாஃபியோவோடும் மார்க்கோ புறப்பட்டார். கிறித்தவ மறையை விளக்க நூறு அறிஞர்களை அனுப்பும்படி குப்ளாய் கேட்டிருந்தார். போப் அனுப்பியது இரண்டே துறவிகளை, அவர்களும் போர்ச் செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். எஞ்சிய மூவர் பாரசீகம், பாமீர், கோபிப் பாலைவனம் தாண்டி 1275 வாக்கில் கானின் அவையை அடைந்தார்கள். அமைச்சர் அகமது 1282இல் கொல்லப்பட்டதும் உண்மை நிகழ்ச்சியே. இளவரசர் சின்கினோடு மார்க்கோவுக்கு நெருங்கிய நட்பு இருந்ததாகக் காட்டுவது திரைக்கதையாசிரியர்களின் கைவண்ணம்.

சிறையில் அப்படி எழுதப்பட்ட நூலின் மூன்றாம் பகுதி கடல்வழியையும் இந்தியாவையும் விரிவாகப் பேசுகிறது. சீனாவுக்குத் திரையில் கிடைத்த நேரத்தில் ஒரு சிறு பங்குகூட அந்தப் பகுதிக்குக் கிடைக்கவில்லை. தமிழ் வாசகருக்கு அங்கேதான் விருந்து.

பாரசீக மன்னருக்கு மணமகளாகச் செல்லும் கொகாச்சின் இளவரசியோடு போலோ குடும்பம் 1290களின் தொடக்கத்தில் ஸைத்தூன் துறைமுகத்தில் கப்பலேறியது. இன்றைய சுவான்சோ அது. அதே ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலம் வேண்டிச் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்ததை அது சொல்கிறது, அடியில் ஒரு வரி சீனமும் உண்டு. மார்க்கோ கானிடம் பணியில் இருந்த ஆண்டுகளிலேயே தமிழ் வணிகர்கள் அங்கே கோயில் வைத்திருந்தார்கள்.

சுமத்திராவில் ஐந்து மாதம் காற்றுக்குக் காத்திருந்து, இலங்கையைத் தொட்டு, கப்பல்கள் ‘மாபார்’ வந்தன. பாண்டிய நாட்டை அராபியர் அப்படித்தான் அழைத்தார்கள். முதலாம் மாறவர்மன் குலசேகரன் காலம் அது. உடன்பிறந்த ஐந்து அரசர்கள் ஆள்வதாக மார்க்கோ எழுதுகிறார். தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் இருந்த காயல், மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் தொடும் துறைமுகம். தூத்துக்குடி அருகே பழையகாயல் பகுதியே அது என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அங்கே சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன.

முத்துக்குளிப்பை அவர் கணக்கோடு சொல்கிறார்: கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவைக் கட்ட மந்திரம் போடுபவருக்கு. ஆனால் அவருடைய வணிகக் கண் உண்மையில் விரிவது குதிரையைப் பார்க்கும்போதுதான். ஒவ்வோர் அரசனும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணம், இவர்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது, சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் கலந்து ஊட்டுகிறார்கள். லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாதபடி ஏற்றுமதி செய்பவர்களே தடுத்துவிடுகிறார்கள், குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்! அதே காலப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் பாண்டியர் குதிரைக்குப் பொன்னைக் கொட்டியதையும், வந்த குதிரைகள் மோசமான பராமரிப்பில் மடிந்ததையும் எழுதியிருப்பதால், இது வெறும் கதை அல்ல.

கடன் வசூல் இன்னும் சுவையானது. பலமுறை தவணை சொல்லி ஏமாற்றியவரைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் போதும். பணத்தைக் கொடுக்காமலோ பிணை காட்டாமலோ கடனாளி அதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மரண தண்டனை. ஒருமுறை அயல்நாட்டு வணிகர் ஒருவர், குதிரைமேல் வந்த அரசனையே சுற்றி வட்டம் போட்டாராம். அரசன் குதிரையை நிறுத்தி, பணம் வரும்வரை அங்கேயே நின்றானாம். மார்க்கோ தாமே பார்த்ததாகச் சொல்லும் காட்சி இது. எந்த இயக்குநரும் இதை விட்டிருக்கக்கூடாது.

அங்கிருந்து குமரிமுனை சுற்றிக் கொல்லம். ஆற்றில் முட்டையைப் போட்டால் வெந்துவிடும் அளவு வெயில் என்று அளக்கிறார். மிளகு நட்டு, நீர் ஊற்றி வளர்க்கப்படும் பயிர் என்று சரியாகச் சொல்லிவிட்டு, பறிப்பது மே முதல் ஜூலை வரை என்கிறார். இடுக்கி விவசாயி சிரிப்பார், அவருக்கு மிளகு பறிப்பு பனிக்காலத்து வேலை. கொல்லத்தில் கப்பலேறிய மிளகு மூட்டைகள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கொடிகளில் விளைந்தவை.

மார்க்கோ சீனாவுக்கே போகவில்லை என்று 1995இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் வுட் நூல் எழுதினார். பெருஞ்சுவரும் தேநீரும் நூலில் இல்லை என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. இன்று காணும் சுவர் பெரும்பாலும் மிங் காலத்தது என்பதால் சுவர் பற்றிய வாதம் வலுவற்றது. உப்பு வரி, காகிதப் பணம் பற்றி மார்க்கோ தரும் விவரங்கள் சீன ஆவணங்களோடு பொருந்துவதை ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் உல்ரிச் ஃபோகல் 2013இல் விரிவாகக் காட்டினார்.

தொலைக்காட்சி மார்க்கோவை விடவில்லை. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1964இலேயே ஏழு பகுதிகளில் அவரைக் காட்டியிருந்தது, அந்த ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டு ஒலி மட்டுமே மிஞ்சியுள்ளது. 2014இல் நெட்ஃபிளிக்ஸ் பெரும் செலவில் புதிய தொடர் தொடங்கியது. பெனடிக்ட் வாங் குப்ளாயாக நடித்தார். வாள்சண்டையும் அரண்மனைச் சூழ்ச்சியும் மிகுந்த அத்தொடர் இரண்டு பருவங்களோடு 2016இல் நிறுத்தப்பட்டது.