லாங் ரைடுக்கு பைக் சீட் மாத்தப் போறீங்களா? மெத்துன்னு இருந்தா மட்டும் போதாது!

சென்னையில் இருந்து கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ. விடியற்காலையில் உற்சாகமாகக் கிளம்பும் பலர், விழுப்புரம் தாண்டுவதற்குள் சீட்டில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். திருச்சி வருவதற்குள், 'ஊருக்குப் போனதும் முதல்ல இந்த சீட்டை மாத்தணும்ப்பா' என்று முடிவே செய்துவிடுவார்கள். மாற்றலாம்தான். ஆனால், கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, 'அட, சோபா மாதிரி இருக்கே' என்று வாங்கினால், அடுத்த பயணத்திலும் அதே வலிதான்!

மெத்துன்னு இருந்தும் ஏன் வலிக்குது?

மர நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உட்காரும்போது உடல் எடையை அவைதான் தாங்க வேண்டும். சீட் ரொம்ப மென்மையாக இருந்தால், அந்த எலும்புகள் ஃபோமுக்குள் புதைந்து அடித்தட்டு வரை இறங்கிவிடும். பாரம் சுற்றியுள்ள சதைக்கும், நடுவில் ஓடும் நரம்புக்கும் போய்விடும். மரத்துப்போவது இதனால்தான். முதல் பத்து நிமிடம் சற்று கெட்டியாகத் தெரியும் சீட்தான் பெரும்பாலும் மூன்றாவது மணி நேரத்தில் கைகொடுக்கும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

அழுத்தம்: முழங்காலை சீட்டில் ஊன்றி எடையைப் போடுங்கள். அடித்தட்டு தட்டுப்பட்டால் அந்த சீட் வேண்டாம்.

வடிவம்: உட்காரும் இடம் அகலமாகவும் தட்டையாகவும், தொடைப் பக்கம் குறுகலாகவும் இருக்கணும். முன்பக்கம் சரிவாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க் மேல் வழுக்குவீர்கள். மணிக்கட்டும் சேர்ந்து வலிக்கும்.

உயரம்: பலர் கோட்டை விடுவது இங்கேதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ. அதில் இன்னும் 20 மி.மீ. கூடினால், உயரம் குறைந்தவர்களுக்குக் குதிகால் தரையில் பதியாது. பின்னால் ஆளும் லக்கேஜும் இருக்க, மலைப்பாதைச் சரிவில் வண்டியை நிறுத்தினால் அப்படியே சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால், ஷூ போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றிப் பாருங்கள்.

ஜெல்: பாரத்தைப் பரவலாக்கும், உண்மைதான். ஆனால் நம்ம ஊர் வெயிலில் நிறுத்தினால் சூடேறிவிடும்.

பின்சீட்: மனைவியோ நண்பரோ, வழக்கமாகப் பின்னால் வருபவரையும் கடைக்கு அழைத்துப்போய் உட்காரச் சொல்லுங்கள். வலி அவர்களுக்கும் உண்டு.

புது சீட்தான் வேணுமா?

அவசியமில்லை. சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில், பழைய சீட்டின் அடித்தட்டை வைத்துக்கொண்டு ஃபோமை மட்டும் மாற்றித் தருவார்கள். பழைய ஃபோமைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதியது ஒத்துவராவிட்டால் உதவும். வேலை முடிந்ததும் சீட் லாக் சரியாக விழுகிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் சீட் மாற்றுவது வேண்டாம். இரண்டு வாரம் முன்பே மாற்றி, ஒரு மணி நேரமாவது நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஒரு டீ குடித்து, நாலு அடி நடங்கள். பயணம் முடிந்த பிறகும் மரத்துப்போன உணர்வு நீடித்தால், டாக்டரைப் பார்ப்பது நல்லது.